இரவில் இறங்கும் வெயில்

கத்திரி தொடங்கியதும் பஞ்சாங்கக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் ஆண்டுதோறும் தவறாமல் நமக்கு எச்சரிக்கை செய்கிறார்கள். மோர் குடியுங்கள், உச்சிப்பொழுதில் வெளியே போகாதீர்கள், குழந்தைகளையும் வயோதிகர்களையும் நிழலில் வைத்துக் காப்பாற்றுங்கள் என்று அவர்கள் சொல்லும் யோசனைகள் யாவும் நல்ல யோசனைகளே என்றாலும், அவையெல்லாம் பகலுக்கு உரியவை. திருச்சிராப்பள்ளியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருபது வருஷங்களாகக் குடியிருக்கும் எனக்குக் கத்திரியின் முழு சொரூபமும் தெரியவருவது இரவு பத்து மணிக்குமேல்தான். தெருவில் வேப்பமரம் அசைகிறது; கீழ்வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு காற்று வாங்குகிறார்; காவேரிப் பக்கத்திலிருந்து வரும் காற்றில் சற்றே ஈரம்கூட இருக்கிறது. அந்த வேளையில் என் படுக்கையறைக்குள் மட்டும் நடுப்பகல் இன்னும் முடிந்தபாடில்லை. சென்ற வருஷம் ஒரு நாள், பரணிலிருந்து பழைய பெட்டியொன்றை இறக்குவதற்காக ஸ்டூலின்மேல் ஏறியபோது, கூரையின் அடிப்பக்கத்தில் தற்செயலாக என் கை பட்டது. சூரியன் அஸ்தமித்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. ஆயினும், அடுப்பை அணைத்து வெகுநேரம் கழித்துத் தொட்ட தோசைக்கல்லைப் போல அந்தச் சிமெண்டுத் தளம் வெதுவெதுப்பாக இருந்தது. பகலெல்லாம் மேலே நின்று காய்ந்த வெயில், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நடப்பதுபோல நிதானமாக ஐந்து அங்குல கனத்தைக் கடந்து, நான் படுக்கப்போகும் நேரத்தில் என் கட்டிலின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

வெயில் அடிப்பது வேறு, வீடு காய்வது வேறு என்பதை நாம் ஒரு சமூகமாக இன்னும் சரியாக யோசிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். முன்னதைத் தடுக்க மனிதனால் ஆகாது. பின்னது நம் கையால் நாமே கலந்து, நாமே கொட்டி, நாமே பூசி வைத்த விஷயம்.

உஷ்ணம் பதார்த்தங்களுக்குள் எப்படிப் பிரயாணம் செய்கிறது என்பதை அறிய ஆராய்ச்சிசாலை எதுவும் வேண்டியதில்லை. சித்திரை மாதத்து மத்தியானத்தில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் பக்கத்துக் கோயில் பிராகாரம் ஒன்றைச் சுற்றிவந்தால் போதும். கருங்கல் பாவிய தரையில் கால் வைக்க முடியாது. அதற்காகவே தேவஸ்தானத்தார் கல்லின்மேல் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை பூசியிருப்பார்கள். வேறு சில இடங்களில் தேங்காய் நார் விரிப்பைப் போட்டிருப்பார்கள். பக்தர்கள் இரண்டையும் ஒன்றாகவே கருதி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவி நடக்கிறார்கள். ஆனால், இரண்டும் செய்யும் காரியம் முற்றிலும் வேறு. வெள்ளைப் பட்டை தன்மேல் விழும் சூரிய ஒளியில் பெரும்பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவதால், அதன் அடியில் இருக்கும் கல் சூடேறவே சந்தர்ப்பம் கிடைப்பதில்லை. நார் விரிப்போ வெயிலை நன்றாகவே வாங்கிக்கொள்கிறது. அதன் மேற்புறம் நிச்சயமாகச் சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் நாருக்கும் நாருக்கும் இடையே சிறைப்பட்டுக் கிடக்கும் காற்றின் காரணமாக, தான் வாங்கிய உஷ்ணத்தைக் காலுக்குக் கொடுப்பதில் அது மகா லோபியாக இருக்கிறது. ஒன்று உள்ளே விடாமல் தடுப்பது. மற்றொன்று உள்ளே வந்ததை மேலே போகவிடாமல் தாமதப்படுத்துவது. இந்த இரண்டு உபாயங்களையும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

ஒரே வெயிலில் ஒரே நேரம் கிடந்த இரும்புக் கேட்டும் மரப்பலகையும் ஒரே அளவு சூடாக இருப்பினும், இரும்பைத் தொட்டவன் கையை உதறுகிறான். பலகையைத் தொட்டவன் அதன்மேலேயே உட்கார்ந்துவிடுகிறான். காரணம், தன்னிடம் உள்ள உஷ்ணத்தை மரத்தைவிட எத்தனையோ மடங்கு விரைவாக இரும்பு கைக்குத் தள்ளுகிறது. உஷ்ணத்தைக் கடத்தும் சக்தியில் செம்புக்கு 400 என்று மதிப்பெண் கொடுத்தால், கட்டடத்துக் கம்பிக்கு 50, கான்கிரீட்டுக்கு ஒன்று அல்லது ஒன்றரை, செங்கல்லுக்கு முக்கால், மரத்துக்குப் பத்தில் ஒன்றோ இரண்டோ, அசையாமல் நிற்கும் காற்றுக்கு நாற்பதில் ஒன்று என்று கொடுக்கவேண்டியிருக்கும். உலகத்தில் இனாமாகக் கிடைக்கும் பதார்த்தங்களுக்குள் காற்றைப் போன்ற உஷ்ணத்தடை வேறில்லை. ஆனால் அது அசையாமல் நிற்க வேண்டும், அங்கேதான் சிரமம். கம்பளியும் வைக்கோலும் கீற்றும் நார் விரிப்பும் செய்வதெல்லாம் காற்றைக் கையைக் காலைக் கட்டி ஓரிடத்தில் உட்காரவைக்கும் வேலையே.

ஆனால் கூரையைப் பொறுத்தவரையில், கடத்துவது மட்டுமல்ல, சேமிப்பதும் பெரிய விஷயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றின்மேல் போடப்பட்ட ஐந்து அங்குலத் தளம் மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ளது. அத்தனை பெரிய பிண்டத்தின் உஷ்ணத்தை ஒரே ஒரு டிகிரி உயர்த்துவதற்கு, முக்கால் யூனிட்டுக்குக் குறையாத மின்சாரத்துக்குச் சமமான சக்தி தேவைப்படுகிறது. உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட் வீதம் பொழிவதால், அந்தச் சக்திக்குப் பஞ்சமே இல்லை. தளம் பகல் முழுவதும் தின்று பன்னிரண்டு டிகிரி ஏறியது என்று வைத்துக்கொண்டாலும், பத்து யூனிட் அளவுள்ள உஷ்ணம் அதனுள் சம்பாதித்து வைக்கப்பட்டிருக்கிறது. இரவில் அதில் ஒரு பங்கு மேலே வானத்துக்குப் போகிறது. மீதிப் பங்கு கீழே வருகிறது. கூரையின் அடிப்பக்கம் 40 டிகிரியும் அறையின் மற்றப் பொருள்கள் 30 டிகிரியும் இருக்குமானால், சுமார் 600 வாட் அளவுக்கு உஷ்ணக் கதிர் ஓயாமல் நம்மேல் விழுந்துகொண்டிருக்கும். துணி தேய்க்கும் மின்பெட்டி ஒன்றைப் போட்டுவிட்டுத் தூங்கப் போவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. கதிராக வருவதால் மின்விசிறிக்கு இதைத் தடுக்கும் சாமர்த்தியம் கிடையாது. சன்னலைத் திறந்து வைத்து வெளிக்காற்றை வரவழைத்தாலும் தலைக்குமேல் இருக்கும் பிண்டம் தன் கடனைத் தீர்த்துவிட்டுத்தான் ஓயும்.

தகரக் கொட்டகையில் குடியிருப்பவர்களைக் கேட்டால் இதற்கு நேர்மாறான அனுபவத்தைச் சொல்வார்கள். மத்தியானத்தில் அங்கே நரகம். ஆனால் தகரம் மெல்லியது, சேமித்து வைக்க அதனிடம் பை இல்லை, ஆகவே சூரியன் மறைந்த அரைமணிக்குள் அது ஆறிவிடுகிறது. கான்கிரீட் மத்தியானத்தில் நம்மை ஓரளவு காப்பாற்றுவதுபோலக் காட்டி, இரவில் வட்டியோடு வசூலிக்கிறது. ஐந்து அங்குலத் தளத்தின் மேற்புறத்தில் ஒன்றரை மணிக்கு உண்டாகும் உச்ச உஷ்ணம் அடிப்புறத்துக்கு வந்துசேர மூன்றரை மணி நேரம் ஆகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இன்னும் மந்தம்; ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மாலை நான்கு மணி வெயிலை நேருக்கு நேர் வாங்கும் மேற்குச் சுவர், இரவு பதினொரு மணிக்கு உட்புறத்தில் உச்சத்தை அடைகிறது. கட்டிலின் தலைமாட்டை மேற்குச் சுவரோடு ஒட்டிப் போடாதே என்று என் தகப்பனார் சொல்லுவதுண்டு. அது வாஸ்து சாஸ்திரம் என்று நினைத்து நான் வெகுகாலம் அலட்சியம் செய்துவந்தேன்.

உஷ்ணம் இப்படி அலை அலையாக, தாமதித்தும் தேய்ந்தும் ஒரு பொருளுக்குள் செல்லும் விதத்தைக் கணக்காக எழுதிக் காட்டியவர் ழோசப் ஃபூரியே என்ற பிரெஞ்சுக்காரர். 1798-ல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்த் திரும்பிய இவர், அந்தப் பாலைவனத்து வெயிலில் என்ன ருசி கண்டாரோ, அதற்குப் பிறகு தம் அறையை எப்போதும் கதகதப்பாக வைத்துக்கொண்டு, கனத்த உடைகளையும் போர்த்திக்கொண்டிருந்தார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். கிரெநோபிள் நகரத்தில் ஜில்லா நிர்வாக அதிகாரியாக உத்தியோகம் பார்த்துக்கொண்டே, சதுப்பு நிலங்களை வடியவைக்கும் வேலைக்கும் சாலை போடும் வேலைக்கும் நடுவில், அவர் இந்தக் கணக்கைப் போட்டு 1807-ல் பாரிஸ் பண்டிதர்களுக்கு அனுப்பினார். அவர்கள் அதில் குற்றம் கண்டார்கள். 1822-ல்தான் அது முழுப் புத்தகமாக வெளிவந்தது. அவருடைய கணக்கிலிருந்து வரும் முடிவுகளில் ஒன்றை நம் கிணற்றடிப் பாட்டிகள் கணிதமில்லாமலே அறிந்திருந்தார்கள். ஒரு நாளுக்குரிய உஷ்ண அலை பூமிக்குள் ஒரு சாண் ஆழம் போய்த் தேய்கிறதென்றால், ஓர் ஆண்டுக்குரிய அலை அதே அளவு தேய்வதற்குப் பத்தொன்பது சாண் போகவேண்டும். பத்தொன்பது என்ற அந்த விசித்திரமான எண் 365-ன் வர்க்கமூலம். அதற்கும் கீழே, முப்பதடி ஆழத்தில், கோடையும் தெரிவதில்லை, மார்கழியும் தெரிவதில்லை. மார்கழி விடியற்காலையில் கிணற்று நீர் ஆவி பறக்க வெதுவெதுப்பாகவும் சித்திரையில் ஜில்லென்றும் இருப்பதாக நமக்குத் தோன்றுவது, நீர் மாறுவதால் அல்ல. மாறுவது நம் உடம்பும் மேலே இருக்கும் காற்றும்.

இனி நம் கூரைகளின் கதைக்கு வருகிறேன். கீற்றுக் கூரை உஷ்ணத்துக்கு உத்தமமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன்கீழ் மழைக்காலத்தைக் கழித்தவர்கள் அல்ல. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு கீற்றுக்காக வாதாட எனக்கு நாக்கு எழுவதில்லை. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவது என்று 2010-ல் ஓர் அரசு திட்டம் போட்டதும், அடுத்த ஆண்டில் வந்த வேறோர் அரசு 300 சதுர அடியில் சூரிய விளக்குடன் வீடு கட்டித் தருவதாக அறிவித்ததும், 2030-க்குள் கிராமங்களில் 8 லட்சம் வீடுகள் என்று 2024-ல் மறுபடியும் திட்டம் வந்ததும், கட்சி பேதமின்றி நியாயமான காரியங்களே. ஏழையின் தலைக்குமேல் எரியாத, ஒழுகாத, பாம்பு விழாத ஒரு கூரை வேண்டும் என்பதில் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஆனால் எரியாத கூரை வேகவைக்காத கூரையாகவும் இருக்கவேண்டும் என்ற இரண்டாவது கோரிக்கையை யாரும் அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை.

கீற்றுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் ஒரு கூரை இருந்தது. மெட்ராஸ் டெரஸ் என்று இஞ்சினீயர்களும் மெத்தை என்று எங்கள் ஊர்க்காரர்களும் சொல்லிவந்த அந்தக் கூரையைப் பழுதுபார்த்துப் புதுப்பிப்பதை, தஞ்சை ஜில்லாவில் என் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் சிறுவனாக இருக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தேக்குச் சட்டங்களை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் கைக்கு அடக்கமான மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டாக, மூலைவாட்டில் சாய்த்து நெருக்கி அடுக்குவார்கள். அது இறுகியபின் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாலைந்து அங்குலம் பரப்புவார்கள். அதன்பின்தான் வேலையே ஆரம்பம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே குந்தி, மரக்கட்டைகளால் அந்த ஜல்லியைத் தாளம் பிசகாமல் அடித்துக்கொண்டே நகர்வார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை ஒருவர் இடையிடையே தெளித்துக்கொண்டே வருவார். கட்டை மேலே துள்ளி எழும்வரை அடிக்கவேண்டும். அடிக்கும் சப்தம் மந்தமாக இருந்தால் இன்னும் இறுகவில்லை என்றும், கணீரென்று கேட்டால் இறுகிவிட்டது என்றும் கொத்தனார் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அதன்மேல் தட்டோடு பதித்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. ஒவ்வொரு கோடைக்கு முன்னும் வெள்ளை அடிப்பார்கள். சாயங்காலத்தில் இரண்டு குடம் நீரை ஊற்றிவிட்டுப் பாய் விரிப்பார்கள். அந்தத் தண்ணீர் விஷயத்தைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது மூன்றில் இரண்டு யூனிட் அளவுள்ள உஷ்ணத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. பதினைந்து லிட்டர் குடம் ஒன்று முழுவதும் தளத்திலிருந்தே ஆவியாகிப் போனால், நான் முன்னே சொன்ன பத்து யூனிட்டையும் தூக்கிக்கொண்டு போய்விடும். பாட்டி ஊற்றிய அந்த இரண்டு குடத்துக்கு இத்தனை கணக்கு இருந்திருக்கிறது.

இந்த மெத்தைகளைத் திரும்பக் கொண்டுவரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தேக்குக்கு எங்கே போவது? இறுகுவதற்கு வாரக்கணக்காகப் பொறுத்திருக்க எந்த வீட்டுக்காரருக்கு இன்று சாவகாசம்? கட்டை அடித்த பெண்களின் பேத்திகள் அந்த வேலைக்கு வரவேண்டும் என்று ஆசைப்படுவது நியாயமும் அல்ல. ஆனால், சட்டங்களை எடுத்துவிட்டுக் கம்பியையும் சிமெண்டையும் வைத்தபோது, மேலே இருந்த சுண்ணாம்பு ஜல்லியையும் தட்டோட்டையும் வெள்ளையையும் சேர்த்தே எடுத்துவிட்டோம் என்பதுதான் என் குறை. முற்காலத்துக் கான்கிரீட் வீடுகளில்கூட, மழைக்காகவேனும் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் போடும் வழக்கம் இருந்தது. இப்போது நான் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கும் தளங்கள் பலவும் சாம்பல் நிறத்தில் வெறும் மேனியாகக் கிடக்கின்றன. அடுத்த மாடி எழுப்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று, தூண்களிலிருந்து கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கின்றன.

உஷ்ணம் மனிதர்களை மட்டும் வருத்துவதில்லை, கட்டடத்தையும் வருத்துகிறது. என் வீட்டில் மேல்மாடிச் சுவர்களின் உச்சியில், தளத்துக்கு ஒட்டினாற்போலக் கீழே, நூல் பிடித்ததுபோல் குறுக்காக ஒரு விரிசல் ஓடுகிறது. முதலில் பார்த்த ஒப்பந்தக்காரர் அஸ்திவாரம் இறங்குகிறது என்று பயமுறுத்தி, அதற்காக ஒரு தொகையும் வாங்கிக்கொண்டு, பட்டி பார்த்து வர்ணம் அடித்துவிட்டுப் போனார். மறு சித்திரையில் விரிசல் மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அஸ்திவாரம் இறங்கினால் கீழ்மாடியில் அல்லவா முதலில் விரியவேண்டும் என்ற யோசனை எனக்கு வெகு தாமதமாகத்தான் வந்தது. ஒரு காகிதத் துண்டை விரிசலின் குறுக்கே பசை போட்டு ஒட்டி வைத்தேன். தையில் ஒட்டியது பங்குனிவரை அப்படியே இருந்து, சித்திரை இரண்டாம் வாரத்தில் கிழிந்தது. காரணம் எளிது. முப்பது அடி நீளமுள்ள தளம், விடியற்கால உஷ்ணத்திலிருந்து உச்சிப்பொழுதுக்கு முப்பது டிகிரி ஏறினால், இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீளுகிறது. நிழலில் இருக்கும் கீழ்ச் சுவர் நீளுவதில்லை. தினந்தோறும் மேலே இருப்பது தள்ளிக்கொண்டும் கீழே இருப்பது மறுத்துக்கொண்டும் இருந்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் பிளவு வராமல் என்ன செய்யும்?

கம்பியும் கான்கிரீட்டும் தமக்குள் இப்படிச் சண்டையிட்டுக்கொள்ளாமல் இருப்பது நம் பாக்கியம். ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் பன்னிரண்டு பங்கு இரும்பு நீளுகிறது. கான்கிரீட் பத்திலிருந்து பன்னிரண்டு பங்கு. 1867-ல் கம்பி வலையின்மேல் சிமெண்டைப் பூசிப் பூந்தொட்டி செய்து உரிமைப் பட்டயம் வாங்கிய மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர், இந்த ஒற்றுமை இல்லாதிருந்தால் இரண்டாவது தொட்டியைச் செய்திருக்கமாட்டார். அலுமினியம் இருபத்துமூன்று பங்கு நீளுவது. அதைக் கம்பியாகப் போட்டுக் கட்டியிருந்தால், உலகத்து மாடிவீடுகள் பாதி எப்போதோ உதிர்ந்திருக்கும்.

இந்த நீட்சியை அலட்சியம் செய்யாத ஒருவர் நம் ஊரிலேயே வேலை செய்திருக்கிறார் என்பதை எண்ணும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கும். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சென்னையில் பரங்கிமலைக்குப் பக்கத்தில், வில்லியம் லாம்ப்டன் என்ற இராணுவ அதிகாரி இந்தியா முழுவதையும் அளப்பதற்கான முதல் கோட்டை அளக்கத் தொடங்கினார். அவரிடம் இருந்தது நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்று. சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகக் கொண்டுபோகப்பட்டு, அவர் ஏற்காததால் இந்தியாவுக்கு வந்துசேர்ந்தது. அதை வெறுந்தரையில் இழுத்துக்கொண்டு ஓடாமல், முக்காலிகளின்மேல் நிறுத்திய நீண்ட மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, மேலே கூடாரத் துணியால் நிழல் செய்து, பக்கத்திலேயே உஷ்ணமானிகளை வைத்துப் பார்த்துக்கொண்டு, சங்கிலியை ஒவ்வொரு முறையும் நூறடி நகர்த்தி, நானூறு தடவை அந்தப்படியே செய்து ஏழரை மைலை அளந்தார். ஒரு செல்சியஸ் டிகிரியைக் கணக்கில் விட்டுவிட்டால் அந்த ஏழரை மைலில் பதினான்கு சென்டிமீட்டர் பிழை வரும். அவருக்கு அது பொறுக்கவில்லை. சித்திரை வைகாசி வெயிலில், இத்தனை நுட்பமாக இரும்பின் சுபாவத்தைக் கவனித்த அதே ஊரில், இருநூறு வருஷத்துக்குப் பிறகு, 2003 மே 31-ஆம் தேதி 45 டிகிரி அடித்த அதே ஊரில், நாம் இன்றும் வெறும் சாம்பல் தளத்தைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு, உஷ்ணத்தை வானிலை இலாகாவின் விஷயமாக விட்டுவிட்டோம்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று விதித்தது. வரவேற்கவேண்டிய காரியந்தான். ஆனால் இறந்தபின் கொடுப்பதற்கு ஒரு கணக்கு வைத்திருப்பதுபோல், கூரை போடும்போதே செலவழிப்பதற்கும் ஒரு கணக்கு வேண்டாமா? மத்திய அரசு 2018-ல் குடியிருப்புகளுக்கென வெளியிட்ட விதித்தொகுப்பு, கூரை வழியாக ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 1.2 வாட்டுக்கு மேல் உஷ்ணம் செல்லக்கூடாது என்கிறது. நம் வெறுந்தளத்தில் மூன்றரை வாட் போகிறது. அந்த விதியும் 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் கட்டும் கட்டடங்களுக்குத்தான் பொருந்துமாம். 360 சதுர அடி வீட்டில் நான்கு பேர் படுத்துறங்கும் குடும்பத்துக்கு அது பொருந்தாது. உஷ்ணத்தால் எவன் அதிகம் துன்பப்படுகிறானோ அவனை நீக்கிவிட்டு எழுதப்பட்ட சட்டம் என்று இதைச் சொன்னால் தவறாகாது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைகளுக்கென்றே தனிக் கொள்கை ஒன்றை வகுத்து, அரசு கட்டித் தரும் வீடுகளையும் அதில் சேர்த்தது. நாமும் அரசு வீட்டு மதிப்பீடுகளிலும் நகராட்சி வரைபட அனுமதியிலும், தளத்துக்குமேல் என்ன போடப்போகிறாய் என்ற கேள்வியைக் கட்டாயமாக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

என்ன போடலாம் என்பதற்குப் பிராகாரத்து உபாயங்கள் இரண்டுமே போதும். முதலாவது வெள்ளை. புதிதாக அடித்த சுண்ணாம்பு, விழும் வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். வெறும் சிமெண்டுத் தளமோ அறுபது எழுபது சதவிகிதத்தை விழுங்கிக்கொள்ளும். வெள்ளையில் தூசி படிந்து பாசி பிடித்தால் குணம் குறையும் என்பது மெய். வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனியில், மறுபடி அடிக்கவேண்டியதுதான். இரண்டாவது, காற்றைச் சிறைப்படுத்துவது. பெட்டிகளுக்குள் அடைத்து வரும் தெர்மோகோலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று. அதில் அழுத்தமான ரகத்தை ஓர் அங்குல கனத்துக்குத் தளத்தின்மேல் பரப்பி, அதன்மேல் ஓடு பதித்தால், மூன்றரை வாட் ஏறத்தாழ ஒரு வாட்டாக இறங்கிவிடும். மண்கலயங்களைக் கவிழ்த்து அடுக்கி இடைவெளியைச் சுண்ணாம்பு ஜல்லியால் நிரப்பும் பழைய முறையும் உண்டு, குயவர்களுக்கும் பிழைப்பாகும். எதைப் போட்டாலும் தளத்துக்கு மேலே போடவேண்டும். அறைக்குள் ஃபால்ஸ் சீலிங் அடிப்பவர்கள் தாங்கள் தப்பித்துக்கொண்டு தளத்தை வேகவிடுகிறார்கள். முன்னைவிடச் சூடேறி, முன்னைவிட நீண்டு, அது சுவரை முன்னைவிட விரிக்கும். ஏ.சி. வைத்துக்கொள்பவர்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. உள்ளிருக்கும் உஷ்ணத்தோடு மின்சாரத்தின் உஷ்ணத்தையும் கூட்டி, அடுத்த வீட்டுச் சன்னலில் கொண்டுபோய்க் கொட்டும் அந்த யந்திரத்தை இரவு முழுதும் ஓடவைப்பதும், பெரும்பாலும் தலைக்குமேல் இருக்கும் மூன்று டன்தான்.

சென்ற வாரம் வேறொரு மேஸ்திரியை வரவழைத்தேன். விரிசலைப் பார்த்தார், மாடிக்குப் போய்த் தளத்தைக் காலால் தட்டிப் பார்த்தார், கீழே வந்து ஒரு சீட்டில் கணக்கு எழுதினார்: பட்டி, பிரைமர், வர்ணம், இரண்டு ஆள் கூலி. தெர்மோகோலும் தட்டோடும் வெள்ளையும் மேலே போடவேண்டும் என்று நான் சொன்னதற்கு, “தட்டோடு மழைக்குப் போடுறதுங்க ஐயா, வெயிலுக்கு யாரு போடுவாங்க?” என்று கேட்டார். அவர் கேட்டதில் ஏளனம் இல்லை; முப்பது வருஷத் தொழிலில் அப்படிக் கேட்ட வீட்டுக்காரர் அவருக்கு அகப்பட்டதில்லை, அவ்வளவுதான். சீட்டை வாங்கி, கீழே நானே மூன்று வரி எழுதிச் சேர்த்துக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, முன்பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அளவு எடுக்க இன்னொரு முறை மாடிக்கு ஏறினார். டேப்பை விரிக்கும்போது கைப்பிடிச்சுவரின்மேல் ஊன்றிய உள்ளங்கையை எடுத்து ஒருதரம் திருப்பிப் பார்த்தார். அப்போது மணி ஏழரை. தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது.